சத்தம் போடும் சலவை இயந்திரம்



"மெஷின் இருக்குது மிஸ், ஆனா அதின்ட சத்தம் தாங்க ஏலாது. அதான் நிப்பாட்டி வச்சிருக்கம்." திருகோணமலையில் வீடு வீடாகப் போய் வரும் என் வேலையில் இந்தப் பதிலைப் பல தடவை கேட்டிருக்கிறேன். விறாந்தை மூலையில் சலவை இயந்திரம் நிற்கும். அதன்மேல் ஒரு பழைய சீலைத் துண்டை விரித்து, அரிசிப் பையோ பிள்ளைகளின் புத்தகங்களோ அடுக்கியிருப்பார்கள். வீட்டுக்காரி கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருப்பார்.

அந்த இயந்திரம் எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பி வாங்கியது, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து திரும்பியபோது சேர்த்த பணத்தில் எடுத்தது, மாதத் தவணைக்கு எடுத்து இன்னும் கட்டி முடியாதது என்று பலவிதம். 2022 இல் வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்குவது எங்களில் அநேகருக்கு நினைக்க முடியாத காரியம். ஆகவே இருப்பதைத் திருத்திப் பாவிப்பது எப்படி என்று இம்முறை எழுதுகிறேன்.

"சலவை இயந்திரம் வசதியானவர்களுக்குத்தானே" என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரச் சேலையை முறுக்கிப் பிழிய இரண்டு கை வேண்டும். ஷெல் துண்டு இன்னும் தோளுக்குள் இருக்கிற பெண்ணுக்கு, ஒரு கால் இல்லாமல் குந்தியிருக்க முடியாத பெண்ணுக்கு, அந்த இயந்திரம் ஊன்றுகோலைப் போல ஒரு தேவை. அத்தோடு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளின் கட்டில் விரிப்பு, துவாய்களை வீட்டுக்கு எடுத்துத் தோய்த்துக் கொடுத்துச் சீவிக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். ஏப்ரல் தொடக்கம் செப்டம்பர் வரையான உல்லாசப் பயணிகள் காலத்தில் இயந்திரம் ஒரு கிழமை நின்றால் அந்தக் கிழமை வருமானமும் நின்றுபோகும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது வீட்டு வேலையின் பெறுமதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். உடுப்புத் தோய்ப்பது எவ்வளவு பாரமான வேலை என்பதை இந்தக் கிணற்றடிகளில்தான் கண்டேன்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போரைக் கண்ட வீட்டில் திடீரென்று எழும் பெரும் சத்தம் வெறும் இடைஞ்சல் அல்ல. சம்பூர்ப் பக்கத்தில் ஒரு குடும்பம். 2006 இல் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடி, கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்து, 2015 இற்குப் பின் ஊர் திரும்பியவர்கள். இயந்திரம் உடுப்பைப் பிழியத் தொடங்கி, சத்தம் மெல்ல ஏறி உச்சத்துக்குப் போகும்போது அந்த வீட்டு அம்மா "கிபிர் வருது" என்று பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவாராம். மகள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டு மாதமாகக் கையால் தோய்த்து வந்தார். நாங்கள் பார்த்தபோது இயந்திரத்தின் நான்கு கால்களில் இரண்டு நிலத்தில் சரியாகப் படவில்லை. தோய்க்கும் தொட்டியின் அடித்தட்டுக்குக் கீழே ஒரு பத்து ரூபாய்க் குற்றி கிடந்தது. இரண்டையும் சரிசெய்ய ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. உதிரிப்பாகம் எதுவும் வாங்கவுமில்லை. சத்தம் முற்றாகப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது. இப்போது மகள் பிழியும் சுவிட்சைத் திருப்புவதற்கு முன் "அம்மா, மெஷின் ஓடப்போகுது" என்று சொல்கிறார். அம்மா எழும்பிப் போய் வேப்பமரத்தடியில் இருந்துவிட்டு, நின்றதும் வருகிறார். இப்படி முன்கூட்டிச் சொல்வதும் திருத்த வேலையில் ஒரு பகுதிதான்.

இயந்திரத்தில் கை வைக்க முன் மின்சாரத்தைப் பற்றி. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றிவிட வேண்டும். கழற்றியபின் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். மோட்டரோடு பொருத்தியிருக்கும் கப்பாசிட்டர் என்ற சிறு உருளை, பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதன் முனைகளை ஒருபோதும் தொடக்கூடாது. நிலம் காய்ந்திருக்க வேண்டும், காலில் றப்பர்ச் செருப்பு இருக்க வேண்டும். இயந்திரத்தின் உடலைத் தொடும்போது விறுவிறு என்று லேசாகக் கறண்ட் அடிப்பதாக யாராவது சொன்னால், சத்தத்தை விட்டுவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். நிலத்தொடுப்பு, அதாவது 'ஏர்த்' சரியில்லை என்பதற்கு அது அடையாளம். அவசரமாகக் கட்டிய மீள்குடியேற்ற வீடுகள் சிலவற்றில் மூன்று துளைப் பிளக் இருக்கும், ஏர்த் வயர் மட்டும் எங்கும் போயிருக்காது. ஒரு மின் தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு அதைப் பார்த்த பிறகே இயந்திரத்தைப் பாவியுங்கள். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் கறண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த சுவிட்ச் உங்களைக் காப்பாற்றாது. கடையில் வாங்கி உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரமென்றால் எதையும் கழற்றாமல் கடைக்கே அறிவியுங்கள், கழற்றினால் உத்தரவாதம் போய்விடும்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். வைத்தியரிடம் போனால் "எப்ப நோகுது, எந்த இடத்தில நோகுது" என்று கேட்பார் அல்லவா? இங்கும் அப்படித்தான். தண்ணீர் நிரம்பும்போதா, தோய்க்கும்போதா, தண்ணீர் வெளியேறும்போதா, பிழியும்போதா? ஒரு கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உடுப்பு எதுவும் போடாமல் வெறுமையாக ஒரு தடவை ஓடவிடுங்கள். வெறுமையாக ஓடும்போது சத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இல்லை, உடுப்புப் போடும் விதத்தில் இருக்கிறது. வெறுமையாகவும் சத்தம் போட்டால் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

உடுப்புப் போடும் விதம் என்றேன். எங்கள் ஊரில் அதிகம் இருப்பது இரண்டு தொட்டி இயந்திரம், ஒரு பக்கம் தோய்க்கவும் மறுபக்கம் பிழியவும். பிழியும் தொட்டி சிறியது, ஆனால் நிமிடத்துக்குச் சுமார் 1300 தடவை சுழலும். நடுவிலிருந்து விளிம்பு வரை 12 சென்ரிமீற்றர் தூரமுள்ள தொட்டியில் 100 கிராம் ஈரத்துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், அந்த வேகத்தில் அது 20 கிலோவுக்கும் மேலான பாரம்போலத் தொட்டியை ஒரு பக்கம் இழுக்கும். முழு இயந்திரமும் துள்ளி நடப்பது அதனால்தான். ஒரு தடித்த ஜீன்ஸை மட்டும் தனியாகப் போடாதீர்கள். சேலையைச் சுருட்டி ஒரு பக்கத்தில் திணிக்காமல் வட்டமாகச் சுற்றி, தொட்டியின் அடியிலிருந்து சமமாக அடுக்குங்கள். மேலே வைக்கும் பிளாஸ்ரிக் மூடியை நன்றாக அமத்தி வையுங்கள். அந்த மூடி தொலைந்துபோய், அது இல்லாமலே பிழியும் வீடுகளையும் கண்டிருக்கிறேன். உடுப்பு மேலெழும்பிப் பறந்து தொட்டிக்கும் உடலுக்கும் இடையில் சிக்கிவிடும்.

வெறுமையாகவும் சத்தம் என்றால் முதலில் கால்களைப் பாருங்கள். இயந்திரத்தின் மேல் இரண்டு எதிர் மூலைகளையும் கைகளால் மாறி மாறி அமத்துங்கள், பிறகு மற்ற இரண்டு மூலைகளையும். சற்றே ஆடினாலும் ஒரு கால் நிலத்தில் இல்லை என்று அர்த்தம். கால்களைத் திருகினால் உயரும், தாழும். சரியாக வந்தபின் காலோடு இருக்கும் நட்டை ஸ்பனரால் இறுக்கிவிடுங்கள், இல்லையேல் அதிர்வில் மறுபடி தளரும். மட்டம் பார்க்கும் கருவி இல்லாவிட்டால் மேசன்மார் பாவிப்பதுபோலத் தண்ணீர் நிரப்பிய தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் போதும். வெள்ளத்துக்கும் எலிக்கும் பயந்து இரண்டு செங்கல்லின்மேல் இயந்திரத்தை ஏற்றி வைப்பது எங்களூர் வழக்கம். அதை மாற்றுங்கள். உயர்த்தத்தான் வேண்டும் என்றால் நான்கு காலும் ஒன்றாக நிற்கத்தக்க சிறு சீமெந்து மேடை கட்டுங்கள். அடியில் றப்பர் வைப்பதானால் கடினமான தடித்த றப்பர் வையுங்கள். பஞ்சு மெத்தைத் துண்டு வைத்தால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது.

முன்பக்கக் கதவுள்ள இயந்திரம் புதிதாக வந்த நாளிலிருந்தே பேய் பிடித்ததுபோல ஆடினால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏற்றியிறக்கும்போது உள்தொட்டி அசையாதிருப்பதற்காக மூன்று அல்லது நான்கு நீண்ட போல்ட்டுகளைப் பூட்டி அனுப்புவார்கள். பாவிக்கத் தொடங்குமுன் அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றியவற்றை எறியாமல் ஒரு பையில் போட்டு இயந்திரத்தின் பின்னாலேயே கட்டி வையுங்கள். வீடு மாறும்போது மறுபடி பூட்ட வேண்டும். எத்தனை தடவை இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள், இதை ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

கால் சரி, போல்ட் இல்லை, இருந்தும் சத்தம் என்றால் சத்தத்தின் வகையைக் கேளுங்கள்.

கலகல என்றோ கிறீச் கிறீச் என்றோ தோய்க்கும்போது வந்தால் ஏதோ பொருள் உள்ளே விழுந்திருக்கிறது. இதில் எங்கள் மாவட்டத்துக்கென்று சில விசேஷங்கள் உண்டு. கடற்றொழில் செய்பவரின் சாரத்து மடியிலிருந்து தூண்டில் முள்ளும் வலையின் ஈயக் குண்டும் வரும். விடுதித் துவாய்களிலிருந்து மணல் வரும். சீனக்குடாவில் சீமெந்து ஆலைக்கு வேலைக்குப் போய்வருபவரின் காற்சட்டைப் பையில் சீமெந்துத் தூள் இருக்கும். தண்ணீர் பட்டால் அது என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெளியில் உதறி, பைகளைப் புரட்டிவிட்டுப் போடுங்கள். கொழுக்கிகளைப் பூட்டி, பிரேசியரைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித் தோய்ப்பது நல்லது. பிரேசியரின் கம்பி கழன்று தொட்டித் துளைக்குள் நுழைந்தால் எடுப்பது பெரும் பாடு.

விழுந்ததை எடுப்பது எப்படி? தொட்டியின் அடியில் சுழலும் தட்டின் நடுவில் ஒரு ஸ்குரூ இருக்கும், சில இயந்திரங்களில் அதன்மேல் சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றித் தட்டின் இரு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். நெடுநாள் பாவித்ததென்றால் இறுகியிருக்கும். இரண்டு பக்கத்தாலும் பழைய சேலைக் கரைத் துண்டைத் தட்டின் கீழே நுழைத்து நேர்மேலே இழுத்தால் வரும். கத்தியால் நெம்பாதீர்கள், பிளாஸ்ரிக் உடையும். கீழே குற்றி, கொழுக்கி, தலைமயிர், சேலை நூல் எல்லாம் சுருண்டு கிடக்கும். துடைத்துவிட்டு அப்படியே பூட்டுங்கள். பூட்டியபின் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக்கூடாது.

தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கடகடத்தால், முன்பக்கக் கதவுள்ள இயந்திரமென்றால் பம்பின் வடியைத் திறந்து பாருங்கள். முன்பக்கத்தில் கீழே ஒரு சிறு கதவுக்குள் இருக்கும். தட்டம் ஒன்றை வைத்து, மெல்லத் திருகி, தண்ணீரை முதலில் வடியவிடுங்கள். சுடுதண்ணீரில் தோய்த்த உடனே திறக்கக்கூடாது.

ரயர் தேய்வதுபோலக் கீச்சிட்டு, றப்பர் கருகும் மணமும் வந்தால் பெல்ட். என் வீட்டு இயந்திரம் இந்தக் கூச்சலைப் போட்டபோது பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, சாக்கு விரித்து இயந்திரத்தை மெல்லச் சரித்து அடிப்பக்கத்தை ரோர்ச் லைற்றால் பார்த்தேன். சரிப்பதற்கு இன்னொருவர் துணை கட்டாயம் வேண்டும். பெல்ட்டின் நடுவில் விரலால் அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவில் அசைவது சரி. அதைவிடத் தொய்ந்திருந்தால் மோட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டரைச் சற்று வெளியே இழுத்து மறுபடி இறுக்க வேண்டும். பெல்ட் வெடித்து நூல் கிளம்பியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதன் முதுகில் எழுத்தும் இலக்கமும் அச்சிட்டிருக்கும், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடிப்பக்கம் திறந்த இயந்திரங்களில் எலி பெல்ட்டையும் வயரையும் கடிப்பது சாதாரணம். வயர் கடிபட்டிருந்தால் நீங்கள் தொடாதீர்கள்.

பிழியத் தொடங்கும்போது தடார் தடார் என்று தொட்டி உடலில் மோதினால், மேலால் உடுப்புப் போடும் தானியங்கி இயந்திரத்தில் தொட்டியைத் தொங்கவிட்டிருக்கும் நான்கு கம்பிகளில் ஒன்று தளர்ந்திருக்கும். தொட்டியைக் கையால் கீழே அமத்தி விடுங்கள். ஒரு தடவை மேலே வந்து நின்றால் நல்லது. ஊஞ்சல் மாதிரித் துள்ளிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் பின்னால் வரும், நான்கையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். இரண்டு தொட்டி இயந்திரத்தில் பிழியும் பக்கம் உரசும் சத்தம் வந்தால் பிரேக்கைப் பாருங்கள். மூடியைத் திறந்ததும் தொட்டியை நிறுத்துவது அதுதான். அதன் கம்பி தொய்ந்துபோனால் மூடியை மூடிய பின்னும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த பிரேக்கே பிள்ளைகளின் கையைக் காப்பதும். சத்தம் வருகிறதென்று அதைக் கழற்றி எறியச் சொல்லும் ஆட்களும் உண்டு, கேட்காதீர்கள்.

'உம்' என்ற இரைச்சல் மட்டும் வந்து எதுவும் சுழலாவிட்டால் உடனே நிறுத்துங்கள், மோட்டர் எரிந்துவிடும். பெரும்பாலும் கப்பாசிட்டர் பழுதாகியிருக்கும். மாலை வேளையில் மின் அழுத்தம் குறைந்திருந்தாலும் இப்படி வரும், காலையில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கப்பாசிட்டர் விலை குறைந்த பொருள்தான், ஆனால் மாற்றுவது தெரிந்தவரின் வேலை.

இயந்திரத்தின் உடல் மட்டும் தகரம்போல அதிர்ந்தால் உப்புக்காற்றில் ஸ்குரூ துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். மாற்றி இறுக்கி, தகடுகளுக்கு இடையில் பழைய சைக்கிள் ரியூப் துண்டை மடித்து வைத்தால் அடங்கும்.

கடைசியாக, வேகம் கூடக் கூட மாவரைக்கும் ஆலைபோல இரைச்சலும் கூடினால் அது பெயாரிங். பிளக்கைக் கழற்றித் தொட்டியைக் கையால் சுற்றுங்கள், கரகரக்கும். விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லொடலொடக்கும். றப்பர் சீல் தேய்ந்து, தண்ணீர் உள்ளே போய், கிறீஸ் கழுவுப்பட்டுத் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். முன்பக்கக் கதவுள்ளதில் பெயாரிங் மாற்றத் தொட்டி முழுவதையும் கழற்ற வேண்டும். முதல் தடவையாகத் திருத்துபவர் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெயாரிங் அநேகமாகப் பொதுவான அளவுகளில் வருவது. 6205, 6206 என்பதுபோல ஓர் இலக்கம் அதிலேயே பொறித்திருக்கும். அந்த இலக்கத்தைச் சொன்னால் வாகன உதிரிப்பாகக் கடையிலும் விசாரிக்கலாம். சீலையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுப் பெயாரிங்கும் நெடுநாள் நிற்காது. தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிச் செய்த இயந்திரங்களும் உண்டு. அவற்றுக்குச் செலவழிக்க முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

திருத்துபவரை வீட்டுக்கு அழைக்க வேண்டி வந்தால், கணவனை இழந்தோ கணவன் காணாமல் ஆக்கப்பட்டோ தனியாகக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கு அது லேசான காரியமல்ல என்று எனக்குத் தெரியும். "அந்த வீட்டுக்கு ஆம்பிளை வந்து போறான்" என்று கதைக்க ஒழுங்கையில் ஆட்கள் இருப்பார்கள். அந்தக் கதைக்குப் பயந்தே இயந்திரத்தை மூலையில் போட்டவர்களும் இருக்கிறார்கள். கதைப்பவர்களின் பிழைக்கு நீங்கள் கையால் தோய்க்க வேண்டியதில்லை. அயல்வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டு, இயந்திரத்தை முன் விறாந்தைக்கு எடுத்து வைத்து, பகல் நேரத்தில் வரச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, திருத்த எவ்வளவு என்று தொலைபேசியிலேயே பேசி முடியுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். "பெல்ட் கீச்சிடுது, தொய்ஞ்சிருக்குது, இலக்கம் இது" என்று சொல்லும் பெண்ணிடம் மோட்டரே போய்விட்டது என்று சொல்ல ஒருவர் இரண்டு தடவை யோசிப்பார்.

பெண்களே இந்த வேலையைப் பழகலாமே என்றும் எனக்கு ஓர் ஆசை. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்தில் வீட்டு மின்சாதனத் திருத்தம் பற்றிய பயிற்சி இருக்கிறதா என்று உங்கள் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் மூலம் விசாரியுங்கள். ஒரு ஊரில் ஒரு பெண் பழகினால் மற்றவர்கள் விறாந்தைக்கு இயந்திரத்தை இழுக்கத் தேவையில்லை.

திருத்துவதற்கு இலகுவாகவே செய்த இயந்திரம் ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நவ்ஜோத் சாஹ்னி என்ற பிரித்தானியப் பொறியியலாளர் தமிழ்நாட்டில், புதுச்சேரிக்கு அருகே குயிலாப்பாளையத்தில் தங்கி வேலை செய்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் கையால் உடுப்புத் தோய்த்துக் கஷ்டப்படுவதைக் கண்டு, கையால் சுற்றும் சலவை இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு அந்தப் பெண்ணின் பெயரையே வைத்து 'திவ்யா' என்றார். மின்சாரம் தேவையில்லை, மோட்டரும் இல்லை. 2021 இல் ஈராக்கின் மம்ரஷான் முகாமில் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அவை கொடுக்கப்பட்டன. எங்கள் முகாம் நாட்களில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2021 மார்ச் முதல், சலவை இயந்திரம் விற்கும் நிறுவனங்கள் முக்கியமான உதிரிப்பாகங்களை ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பின்னும் 10 வருடங்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நீங்களும் அடுத்த தடவை தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன் "பெல்ட், சீல், பம்ப் எத்தனை வருடம் கிடைக்கும்? திருகோணமலையிலேயே கிடைக்குமா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். விலையைக் கேட்பதுபோல இதையும் கேட்கலாம்.

உங்கள் இயந்திரத்தின் சத்தத்தைப் பற்றி இந்தப் பத்திக்கு எழுதும் சகோதரிகள் நான்கு விடயங்களைக் குறிப்பிடுங்கள்: எந்த வகை இயந்திரம், எத்தனை வருடம் பாவித்தது, எந்தக் கட்டத்தில் சத்தம் வருகிறது, வெறுமையாக ஓடும்போதும் வருகிறதா. கைத்தொலைபேசி உள்ளவர்கள் அந்தச் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்திருங்கள். உதிரிப்பாகக் கடையில் அதைப் போட்டுக் காட்டினால், பல சமயம் வீட்டுக்கு வராமலே எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவார்கள்.